கந்தளாய்த் தண்ணீரோடு கடல்வரை

மார்ச் மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து திருகோணமலைக்குப் புறப்படும் வான்களுக்கெல்லாம் ஒரே அவசரம். ஹபரணையில் ஒரு தேத்தண்ணீர், கந்தளாயில் ஒரு தயிர்ச்சட்டி, அதற்குப் பிறகு நிலாவெளிக் கடற்கரை கண்ணில் படும்வரை நிறுத்துவதில்லை. இடையில் தம்பலகாமத்து வயல்கள் ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் ஓடிக் கழிகின்றன. தலைதூக்கிப் பார்ப்பவர் குறைவு, இறங்குபவர் அதைவிடக் குறைவு. வந்த நோக்கம் கடலும் காட்டுயிரும் என்றால், நாளின் பாதி வரவு அங்கேயே கைநழுவிப் போய்விடுகிறது.

திருகோணமலை நகரத்துக்குச் சுமார் 24 கிலோமீற்றர் முன்னால், ஏ-6 வீதியை ஒட்டிக் கிடக்கிறது தம்பலகாமம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து இந்த வயல்களுக்குள் இறங்கும். வயல் குடித்தது போக மிஞ்சியது தம்பலகாமக் குடாவில் சேரும். குடா திருகோணமலைத் துறைமுகத்தோடும் கொட்டியாரக் குடாவோடும் கலந்துவிடுகிறது. அதற்கு அப்பால் ஆழ்கடல். இந்தத் தண்ணீர் போகிற வழியிலேயே ஒருவர் காரை ஓட்டிப் போனால், காலையில் கொக்கும் மாலையில் திமிங்கிலமுமாக ஒரு நாள் நிறையும். நுழைவுச்சீட்டு வாங்க வேண்டிய சரணாலயம் எதுவும் நடுவில் இல்லை.

ஏன் மார்ச்? பெரும்போகத்து வெள்ளாமை வெட்டு மாசியிலும் பங்குனியிலும் நடக்கிறது. வடக்கிலிருந்து வந்த வலசைப் பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து கடல் படுத்திருக்கும். கிழக்குக் கரையின் திமிங்கிலப் பருவமும் அப்போதுதான் தொடங்கும். ஜூன், ஜூலையில் வருகிறவருக்குக் கடல் கிடைக்கும், வலசைப் பறவை கிடைக்காது. டிசம்பரில் வந்தால் பறவை கிடைக்கும், படகு கிடைக்காது. இரண்டும் சேர்ந்து அகப்படுவது இந்த இரண்டு மூன்று வார இடைவெளியில்தான். சுற்றுலாக் கையேடுகள் மே முதல் செப்டம்பர் வரை என்று எழுதுவது கடலில் குளிக்க வருகிறவர்களுக்காக.

விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் வயல் வரம்பில் நிற்க வேண்டும். வெட்டு மெசின் ஒரு வயலுக்குள் இறங்கினால், அதன் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் கூட்டமாக நடக்கின்றன. மெசின் கலைத்துவிடும் வெட்டுக்கிளியும் தவளையும் அவற்றுக்குக் காலைச் சாப்பாடு. ஓட்டுநர் திரும்பினால் அவையும் திரும்பும். மனிதன் நடந்து போனால் எழுந்து பறக்கிற அதே பறவை, இரைச்சலிடும் இயந்திரத்துக்கு இரண்டு முழத் தூரத்தில் நிற்கும்.

தண்ணீர் தேங்கிய வயல்களில் இருப்பது வேறு கூட்டம். பவளக்கால் உள்ளான் தன் செந்நிற நெடுங்கால்களைச் சேறு தொடாமல் எடுத்து வைக்கும். வரம்பில் மண்ணோடு மண்ணாக ஒடுங்கியிருக்கும் மடையான், பறந்தால் மட்டும் வெள்ளையாக மாறும். மின்கம்பியில் பனங்காடை, தாமரைக் குட்டையில் நீலத் தாழைக்கோழி, வாய்க்கால் கரையில் கபரக்கொய்யா. எருமைகள் கிடக்கும் சேற்றுக் குழிக்கு அருகே போகும்போது முதலை உண்டா என்று ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இவற்றில் நின்று பார்க்க வேண்டியது நத்தைக்குத்தி நாரை. அதன் அலகை முதன்முதலில் தொலைநோக்கியில் பார்ப்பவர் பறவைக்கு ஏதோ அடிபட்டிருக்கிறது என்றே நினைப்பார். மேலலகும் கீழலகும் நுனியில்தான் சேர்கின்றன, நடுவில் ஓர் இடுக்கு. குஞ்சுக்கு அந்த இடுக்கு கிடையாது, வளர வளரத்தான் உண்டாகிறது. வயல் நத்தையைச் சேற்றுக்குள் தடவி எடுத்து, கீழலகின் நுனியை ஓட்டுக்குள் செலுத்தி, நத்தையை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்துவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் இழுத்து விழுங்கும். ஓடு பெரும்பாலும் உடைவதில்லை. நாரை நின்ற இடத்தில் வரம்போரம் வெறும் நத்தை ஓடுகள் கிடப்பதைப் பார்த்தே, பறவை இல்லாத நேரத்திலும் அது வந்து போனதைச் சொல்லிவிடலாம். விவசாயிக்கு இதனோடு பகை இல்லை. பகை வேறு ஒன்றோடு, அதற்குப் பிறகு வரலாம்.

இவ்வளவுக்கும் அடி கந்தளாய்க் குளம். 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியது என்று சிங்கள வரலாற்று மரபு சொல்கிறது. கோணேசர் கல்வெட்டு என்ற நூலைப் படித்து வளர்ந்த தமிழருக்கு அது குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டிய குளம். கோணேசர் கோயிலுக்கு நெல் விளைவிக்க என்றே வெட்டப்பட்டது. யார் கட்டியது என்ற வழக்கு தீராவிட்டாலும், தண்ணீரின் கனம் என்ன என்பதில் இந்தப் பக்கத்தார் யாருக்கும் சந்தேகம் இல்லை. 1986 ஏப்ரல் 20ஆம் தேதி விடிவதற்கு முன் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், வீட்டையும் வயலையும் வெள்ளம் அள்ளிக்கொண்டு போனது. அந்த வெள்ளத்தை வயது முதிர்ந்தவர்கள் இன்னும் பேசுவார்கள்.

வயலுக்கு நடுவே ஆதி கோணநாயகர் கோயில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் முன்பகுதியில் போர்த்துக்கேயர் திருகோணமலைக் குன்றின் மேலிருந்த கோணேசர் கோயிலை இடித்தபோது, விக்கிரகங்களை எடுத்துக்கொண்டு உள்நாட்டுக்குள் வந்தவர்கள் அவற்றை வைத்து வழிபட்ட இடம் இது. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன் காலத்தில் கோயில் எழுந்தது என்பார்கள். காலைப் பூசை மணி அடிக்கும்போது கோபுரத்து மாடங்களிலிருந்து புறாக்கள் கலைந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்து உட்காரும். பறவை பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் இங்கே உட்காரலாம். வெயில் ஏறிவிட்டதால் வயலில் பறவைகளும் அடங்கியிருக்கும்.

அடுத்தது குடா. இன்றைக்கு அங்கே போகிறவர் பார்ப்பது ஆழமில்லாத கலங்கல் தண்ணீரையும், கரையோரக் கண்டலையும், வீச்சுவலைக்காரர் சிலரையும், கம்பங்களில் சிறகை விரித்துக் காய்கிற நீர்க்காகங்களையும். ஆனால் தம்பலகாமத்தின் பெயர் உலகத்துக்கு முதலில் போனது நெல்லால் அல்ல, இந்தச் சேற்றால். தட்டையான, ஒளி ஊடுருவும் ஒருவகைச் சிப்பி குடாவின் அடிச்சேற்றில் ஏராளமாக வளர்ந்தது. பிலிப்பைன்சிலும் கோவாவிலும் பழைய வீடுகளின் ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாகப் பொருத்தியது இதே சிப்பியின் ஓட்டைத்தான். இங்கே ஓட்டைத் தேடவில்லை, உள்ளிருந்த பொடிமுத்துக்களைத் தேடினார்கள். மன்னார் முத்தைப்போல நகைக்கு ஏற்ற பருமன் கிடையாது. பெரும்பகுதி இந்தியாவுக்குப் போனது. அங்கே பணக்காரர்கள் அந்த முத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வெற்றிலையோடு மென்றார்கள் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. வெற்றிலை போடுவதில் இப்படியும் ஒரு ஆடம்பரம்!

அந்தச் சிப்பியை முறையாக ஆராய்ந்தவர் எட்வர்ட் ஃபிரடெரிக் கெலார்ட். 1819இல் இலங்கையிலேயே பிறந்தவர், இராணுவ மருத்துவர். இலங்கையின் விலங்குகளைப் பற்றி 1852இல் புத்தகம் வெளியிட்டவர். மலைநாட்டுத் தேரை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1850களின் கடைசியில் முத்துக்குளிப்பைப் பற்றி ஆராயும்படி அரசாங்கம் அவரைப் பணித்தது. திருகோணமலையில் தங்கி, சிப்பி எப்படி வளர்கிறது, எங்கே ஒட்டுகிறது, எவ்வளவு உப்பைத் தாங்குகிறது என்று தொட்டிகளில் வைத்துப் பார்த்தார். 1860இல் கப்பலில் போகும்போதே இறந்துபோனார். அவருக்குப் பிறகு 1900களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹோர்னெல் இதே குடாவுக்கு வந்து தனி அறிக்கை எழுதினார். சேற்றுத் தண்ணீர் என்று வண்டியை நிறுத்தாமல் போகிற இடத்தில் இரண்டு விஞ்ஞானிகள் மாதக்கணக்கில் குனிந்து நின்றிருக்கிறார்கள். ஊருக்கு அதை ஒரு பலகையில் எழுதி வைக்கத் தோன்றாதது வருத்தம்தான்.

குடாவும் கொட்டியாரக் குடாவும் சந்திக்கும் வாயில் கிண்ணியாப் பாலம். 2009 அக்டோபரில் திறந்தது, நீளம் 396 மீற்றர், திறந்த நாளில் நாட்டின் மிக நீண்ட பாலம். அதற்கு முன்னால் இங்கே ‘பாதை’தான்: வாகனத்தையும் ஆட்களையும் மாட்டையும் ஏற்றி இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போகும் மிதவை. மட்டக்களப்புக்குப் போகும் ஏ-15 வீதியில் இப்படிப் பல துறைகள் இருந்தன. போர்க்காலத்தில் ஒவ்வொரு துறையும் ஒரு சோதனைச் சாவடியாகவும் இருந்தது. இன்று பாலத்தின் நடுவில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் குடாவின் பழுப்பு, மறுபக்கம் கொட்டியாரத்தின் நீலம். இரண்டுக்கும் நடுவே நீரோட்டம் திரும்பும் நேரத்தில் செம்பருந்துகள் தாழ வட்டமிடும். ஆலாக்கள் தலைகீழாகப் பாயும். மீன் எந்த நேரத்தில் வாயிலைக் கடக்கும் என்று தூண்டில்காரருக்குத் தெரிந்த அளவுக்கு அவற்றுக்கும் தெரிந்திருக்கிறது.

பாலம் வந்துவிட்டதால் எல்லாக் கடவையும் தீர்ந்துவிடவில்லை. பக்கத்திலேயே குறிஞ்சாக்கேணியில் பாலவேலை முடியாமல் கிடந்தபோது, 2021 நவம்பரில் ஆட்களை ஏற்றிவந்த மிதவை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். காட்சி பார்க்க வருகிறவர் கிண்ணியாவில் சோறும் இறால் குழம்பும் சாப்பிடும் கடையில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது.

மூதூர்வரை போக நேரம் இருப்பவர்கள் போகலாம். மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடி வந்து கடலில் விழுவது அந்தப் பக்கத்தில்தான். 1660இல் பாய்மரம் முறிந்த கப்பலைச் செப்பனிட வந்த ரொபர்ட் நொக்ஸ் பிடிபட்டதும் அங்கேதான். பிடித்துக்கொண்டு போனவர்கள், தம்பலகாமத்துக் கோயிலோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் அதே இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள். ஏறக்குறைய 20 வருடம் மலைநாட்டில் சிறையிருந்து தப்பிய நொக்ஸ் 1681இல் வெளியிட்ட புத்தகத்தில் இலங்கையின் யானையும் எறும்பும் அட்டையும் தனித்தனியாக வருகின்றன. கைதியாக இருந்துகொண்டே காட்டுயிர் பார்த்த மனிதர்.

மதியத்துக்குப் பிறகு நகரத்துக்குத் திரும்ப வேண்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. கோணேசர் மலை கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறது. காலையில் அங்கே ஏறுபவருக்குச் சூரியன் நேரே முகத்தில். கடல் முழுக்க வெள்ளித் தகடு, ஒன்றும் தெரியாது. மூன்று மணிக்குப் பிறகு வெயில் முதுகுப் பக்கம் போய்விடும். தண்ணீர் கருநீலமாகத் தெளியும், தூரத்தில் எழும் சிறு வெண்மைகூடத் தனியாகத் தெரியும். ஆண்டின் நடுவில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் இதுவும் பலிக்காது. அலைநுரைக்கும் திமிங்கில மூச்சுக்கும் வேறுபாடு காண முடியாமல் போய்விடும்.

மலைக்குப் போகும் வழி பிரெடெரிக் கோட்டைக்குள்ளால். போர்த்துக்கேயர் கோயிலை இடித்த கற்களாலேயே எழுப்பிய கோட்டை. நுழைவாயிலில் பாண்டியரின் இரட்டை மீன் சின்னம் இன்னும் இருக்கிறது. உள்ளே இராணுவ முகாம், ஆலமரங்கள், மரத்தடியில் புள்ளிமான்கள். காட்டில் 50 மீற்றரில் ஆளைக் கண்டால் பாயும் மான், இங்கே ஓட்டோவுக்கு வழிவிடாமல் நிற்கிறது. மாலையானால் கோட்டையை விட்டிறங்கி நகரத்துத் தெருக்களிலும் கடற்கரையிலும் மேயப் போகும். புகைப்படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். மேய்வதில் புல் எவ்வளவு, பொலித்தீன் எவ்வளவு என்று நின்று பார்த்தால் அந்த அழகு குறைந்துவிடும். கோயிலுக்கு வருகிறவர்கள் வாழைப்பழத்தைத் தோலோடு நீட்டுவதும், வடை சுற்றிய தாளை அங்கேயே போடுவதும் மானுக்குச் செய்யும் உபகாரம் அல்ல.

கோயிலைச் சுற்றி வந்து, இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்கு மேலே தடுப்புச் சுவரருகில் நின்றால் கீழே செங்குத்தான பாறை. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இந்தப் பாறையடியில் மூழ்கித்தான் பழைய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கடலுக்கடியில் கண்டார்கள். பாறையோடு ஆழம் நின்றுவிடவில்லை. திருகோணமலைத் துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. மற்ற ஊர்களில் ஆழ்கடலைத் தேடிப் படகில் மணிக்கணக்காகப் போக வேண்டும், இங்கே ஆழ்கடலே கரைக்கு வந்து நிற்கிறது. நீலத்திமிங்கிலம் இந்தக் குன்றிலிருந்து வெறுங்கண்ணுக்குத் தெரிந்த நாட்கள் உண்டு என்பதற்குக் காரணம் இதுதான்.

எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருந்தால் வேலை சுலபம். நீலத்திமிங்கிலத்தின் மூச்சு நேராக, உயரமாக, ஒரு கம்பம் நட்டதுபோல எழும். சில தடவை ஊதிவிட்டுப் பத்து நிமிடமளவுக்கு உள்ளே போய்விடும். போன இடத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல் முன்னால் கொஞ்சத் தூரத்தைப் பார்க்க வேண்டும். எண்ணெய்த் திமிங்கிலம் வேறு மாதிரி. அதன் மூச்சுத்துளை தலையின் முன்பக்கத்தில் இடப்புறமாக இருப்பதால், மூச்சு முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து, குட்டைப் புதராகத் தெரியும். அது போய்விட்டால் அரை மணி நேரத்துக்கும் மேல் வராது. ஓங்கில் கூட்டமென்றால் மூச்சைத் தேடவே வேண்டாம், தண்ணீர் கொதிப்பதுபோல இருக்கும் இடத்தில் தொலைநோக்கியைத் திருப்பினால் போதும்.

இந்தக் கடலின் திமிங்கிலங்களை உலகம் அறிந்தது உல்லாசப் படகுகளால் அல்ல. 1979இல் சர்வதேச திமிங்கில ஆணையம் இந்து சமுத்திரத்தைத் திமிங்கில வேட்டை தடைசெய்த சரணாலயமாக அறிவித்தது. அதைத் தொடர்ந்து, கொல்லாமலேயே திமிங்கிலத்தை ஆராய முடியுமா என்று பார்க்க ‘டியூலிப்’ என்ற சிறு பாய்மரப் படகில் ஒரு குழு 1980களின் தொடக்கத்தில் இங்கே வந்தது. ஹால் வைட்ஹெட், ஜொனதன் கோர்டன் முதலியவர்கள் அதில் இருந்தார்கள். நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கி எண்ணெய்த் திமிங்கிலங்களின் ‘டக் டக்’ ஒலியைப் பின்தொடர்ந்து, வாலில் உள்ள வெட்டுகளை வைத்து ஆளாளாக அடையாளம் கண்டார்கள். 1983இல் இந்தப் பக்கத்துக் கடலில் ஓர் எண்ணெய்த் திமிங்கிலக் கன்று பிறப்பதையே பார்த்துவிட்டார்கள். வைட்ஹெட் பின்னாளில் எண்ணெய்த் திமிங்கிலத்தைப் பற்றி உலகமே மேற்கோள் காட்டும் அறிஞரானார். அந்த ஆராய்ச்சி தொடர்ந்திருக்க வேண்டிய வருடங்களில்தான் போர் மூண்டது. கரையில் மீனவருக்கே கடல் மூடிக் கிடந்தது.

விட்ட இடத்திலிருந்து தெற்குக் கடலில் தொடர்ந்தவர் இலங்கையரான ஆஷா டி வோஸ். நீலத்திமிங்கிலம் குளிர்கடலில் தின்று வெப்பக்கடலில் குட்டி போடும் என்பது பாடப்புத்தகம். இலங்கையைச் சுற்றியுள்ளவை வெப்பக்கடலிலேயே தங்கி, இங்கேயே தின்கின்றன என்பதை எடுத்துச் சொன்னவர் அவர். அதற்கு அவருக்குக் கிடைத்த முதல் தடயம் 2003இல் தண்ணீரில் மிதந்த திமிங்கிலச் சாணம்! தின்னாத உயிர் சாணம் போடுமா?

புறாத்தீவை இதே நாளில் செருகப் பார்ப்பது வீண். நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிற அந்தத் தேசியப் பூங்காவுக்குக் காலையிலேயே படகேற வேண்டும், பகலில் கூட்டம் தாங்காது. மாடப்புறாக்களின் காட்டு வம்சம் பாறை இடுக்குகளில் கூடு கட்டுவதால் வந்த பெயர். தீவைச் சுற்றிய ஆழமற்ற நீரில் கருமுனைச் சுறாக்கள் சாதாரணமாகத் திரிகின்றன, ஆளைத் தொடுவதில்லை. தொடுவது ஆள்தான்: நீந்தத் தெரியாதவர்கள் களைத்துப்போய் ஊன்றி நிற்பது பவளப்பாறையின் மேல். முருகைக்கல் ஒரு வருடத்தில் சில சென்ரிமீற்றர்தான் வளரும் என்று படகில் ஏறுமுன்னே யாராவது சொன்னால் தேவலை.

இருட்டுவதற்குள் ஹபரணைப் பக்கம் திரும்ப நினைப்பவர்கள் நாலரைக்கே மலையை விட்டு இறங்க வேண்டும். தம்பலகாமத்தைத் தாண்டி, கந்தளாய்க்கு அப்பால் காடு நெருங்கும் இடங்களில் பொழுது சாய்ந்தால் யானை வரும். காலையில் பேசாமல் விட்ட பகை இதுதான். நெல் பால்பிடிக்கும் நாளிலிருந்து வெட்டு முடியும்வரை இந்தப் பக்கத்து விவசாயி வீட்டில் படுப்பதில்லை. காவல் பரணில் டோர்ச்சும் யானைவெடியுமாக இருப்பார். மின்வேலி உண்டு, காய்ந்த மரத்தைக் கம்பிமேல் தள்ளிவிட்டு வரும் யானையும் உண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. 2023இல் மட்டும் 450க்கும் மேற்பட்டவை செத்தன, 150க்கும் மேற்பட்ட மனிதர்கள் யானையால் இறந்தார்கள். 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போன ரயில் ஹபரணைக்கு அருகே ஒரு கூட்டத்தில் மோதி 6 யானைகள் மாண்டன.

கடலும் யானைக்கு எல்லை அல்ல. 2017 ஜூலையில் திருகோணமலைத் துறைமுக வாயிலுக்கு அருகே இரண்டு யானைகள் கடலில் தத்தளிப்பதைக் கடற்படையினர் கண்டு, கயிறு கட்டி மெல்லக் கரைக்கு இழுத்து வந்து காட்டில் விட்டார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்னதாக வடக்கே கொக்குத்தொடுவாய்க் கடலில் கரையிலிருந்து 8 கிலோமீற்றர் தள்ளி இன்னொன்று, தும்பிக்கையை மட்டும் மேலே நீட்டியபடி. களப்பைக் குறுக்கே நீந்திக் கடப்பது யானைக்குப் பழகிய வேலை. நீரோட்டம் இழுத்துவிட்டால்தான் கடலுக்குப் போய்விடுகிறது.

வீதியோரம் யானை நிற்கக் கண்டால் சில வான்கள் நிறுத்திக் கண்ணாடியை இறக்கி வாழைப்பழம் எறிகின்றன. அது சட்டப்படி குற்றம், புத்தியீனமும்கூட. பழம் வாங்கிப் பழகிய யானை அடுத்து வரும் மோட்டார் சைக்கிளை மறிக்கும். அதில் வருகிறவர் பெரும்பாலும் பரணுக்குப் போகும் விவசாயி. விளக்கைத் தாழ்த்தி, ஒலிப்பானைத் தொடாமல், யானைக்கு இடம்விட்டு மெதுவாகக் கடந்துபோக வேண்டும். படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் கவுடுல்லையிலும் மின்னேரியாவிலும் ஜீப்புகள் நிற்கின்றன, ஓட்டுநர்களுக்கு எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்று தெரியும்.